பபிள்: போக்கர் போட்டியில் பரிசு எல்லையின் வரலாறு

போக்கர் போட்டிகளில் பரிசு பெறும் இடங்கள் தொடங்குவதற்குச் சற்று முந்தைய கட்டம் 'பபிள்', அதாவது குமிழி எனப்படுகிறது. ஒரு போட்டியில் நூறு பேர் ஆடி, முதல் பதினைந்து பேருக்குப் பரிசு என்றால், பதினாறு பேர் எஞ்சியிருக்கும் நேரம்தான் பபிள். அடுத்து வெளியேறுபவர் பல மணி நேரம், சில போட்டிகளில் பல நாட்கள் ஆடியும் வெறுங்கையோடு போவார். அவர் எழுந்த அந்தக் கணமே மற்ற பதினைந்து பேருக்கும் பணம் உறுதியாகிவிடும். அதுவரை துணிந்து ஆடியவர்கள் இங்கே நல்ல சீட்டுகளையும் கீழே போட்டு விலகுகிறார்கள். இது கோழைத்தனமா, கணக்கா என்ற கேள்விக்கு விடை கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. அந்த விடையின் வேர் போக்கரைவிடப் பழையது.

முதலில் ஆட்டத்தின் அமைப்பைச் சொல்லிவிட வேண்டும். போட்டியில் எல்லோரும் ஒரே நுழைவுத் தொகை கட்டி, ஒரே எண்ணிக்கையிலான சில்லுகளைப் பெறுகிறார்கள். இந்தச் சில்லுகளை இடையில் பணமாக மாற்ற முடியாது. சில்லு தீர்ந்தவர் வெளியேற வேண்டும். சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே முறைவைத்துப் போட வேண்டிய கட்டாயப் பந்தயம் (இதை பிளைண்ட் என்பர்) குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை உயர்ந்துகொண்டே போகும். அதனால் சும்மா உட்கார்ந்திருப்பவரின் சில்லும் கரையும். கையிலுள்ள எல்லாவற்றையும் ஒரே பந்தயமாக வைப்பது 'ஆல்-இன்'.

ஒருவருக்கே எல்லாம்

இன்று உலகின் மிகப் பெயர்பெற்ற போட்டியான வேர்ல்டு சீரிஸ் ஆஃப் போக்கர், 1970-ல் லாஸ் வேகாஸ் நகரின் ஹார்ஸ்ஷூ சூதாட்ட விடுதியில் தொடங்கியது. நடத்தியவர் விடுதி உரிமையாளர் பென்னி பினியன். முதல் ஆண்டில் இன்று நாம் அறிந்த வடிவில் போட்டியே இல்லை. கூடியிருந்த ஆட்டக்காரர்கள் வாக்களித்து ஜானி மாஸ் என்பவரைச் சிறந்தவராகத் தேர்ந்தெடுத்தார்கள். 1971-ல்தான் சில்லு தீர்ந்தவர் வெளியேறும் முறை வந்தது. அந்த ஆண்டின் நுழைவுத் தொகை 5,000 டாலர், அடுத்த ஆண்டு முதல் 10,000 டாலர். முதன்மைப் போட்டிக்கு இன்றும் அதே 10,000 டாலர்தான் என்பது ஒரு வியப்பு. அரை நூற்றாண்டு விலைவாசி உயர்வு அதைத் தொடவில்லை.

அந்த ஆரம்ப ஆண்டுகளில் அதிகாரப்பூர்வப் பரிசு ஒன்றே ஒன்றுதான். 1977-ல் 34 பேர் ஆடினார்கள்; டாய்ல் பிரன்சன் வென்று 3,40,000 டாலரையும் எடுத்துக்கொண்டார். இரண்டாமிடத்துக்கும் பூஜ்யம், முப்பத்து நான்காம் இடத்துக்கும் பூஜ்யம். இப்படிப்பட்ட போட்டியில் பபிள் என்ற ஒன்று இருக்க முடியாது. ஒரே திறமை உள்ளவர்கள் ஆடுவதாகக் கொண்டால், மொத்தச் சில்லில் பத்தில் ஒரு பங்கு வைத்திருப்பவருக்கு வெல்லும் வாய்ப்பும் பத்தில் ஒன்று. சில்லை இரட்டிப்பாக்கினால் வாய்ப்பும் இரட்டிப்பாகும். பாதிக்கு மேல் வெல்லும் வாய்ப்புள்ள சீட்டு கையில் இருந்தால் துணிந்து இறங்கலாம். உயிர் பிழைத்திருப்பதற்குத் தனியாக விலை எதுவும் கிடையாது.

இது 1978-ல் மாறியது. அந்த ஆண்டு 42 பேர் சேர்ந்தார்கள், மொத்தத் தொகை 4,20,000 டாலர். முதல் முறையாக அதை ஐந்து பேருக்குப் பிரித்தார்கள். வென்ற பாபி பால்ட்வினுக்குச் சரிபாதி, 2,10,000 டாலர். அடுத்த நால்வருக்கு முறையே 84,000, 63,000, 42,000, 21,000. ஐந்தாம் இடத்திலிருந்து இரண்டாம் இடம் வரை ஒவ்வொரு படியும் 21,000 டாலர் உயரம். ஆறாம் இடத்துக்கும் ஐந்தாம் இடத்துக்கும் இடையிலான படியும் அதே 21,000 தான். ஆனால் அந்தப் படியில் மட்டும் ஒரு பக்கம் பூஜ்யம் இருந்தது. பத்தாயிரம் கட்டியவர் ஆறாவதாக எழுந்தால் எல்லாம் நஷ்டம். இன்னொருவர் எழும்வரை பொறுத்திருந்தால் போட்டதைவிட இருமடங்கு. சீட்டாட்ட விதிகளில் ஒரு எழுத்தும் மாறவில்லை. பணம் பிரிக்கும் அட்டவணை மாறியது, அதனால் ஆட்டம் மாறியது.

ஐந்நூறு ஆண்டுப் பழைய கேள்வி

பரிசு பல பேருக்கு என்றானதும் ஒரு கேள்வி எழுகிறது. ஆட்டம் பாதியில் இருக்கும்போது, என் முன்னால் உள்ள சில்லுகளின் உண்மையான பண மதிப்பு என்ன? இந்தக் கேள்வியின் முன்னோர் இத்தாலியில் இருக்கிறார்கள்.

1494-ல் வெனிஸ் நகரில் அச்சான தன் கணித நூலில் லூகா பச்சோலி ஒரு கணக்கைக் கொடுத்தார். இரு அணிகள் பந்து விளையாடுகின்றன. ஒவ்வொரு வெற்றிக்கும் 10 புள்ளி. முதலில் 60 எடுப்பவருக்குப் பந்தயப் பணம். ஒரு பக்கம் 50, மறுபக்கம் 20 என்றிருக்கையில் ஆட்டம் நின்றுவிடுகிறது. பணத்தை எப்படிப் பிரிப்பது? பச்சோலியின் விடை எளியது: எடுத்த புள்ளிகளின் விகிதத்தில், ஐந்துக்கு இரண்டு.

பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் தர்த்தாலியா இதில் ஓட்டையைக் கண்டார். ஒருவர் 10 எடுத்து மற்றவர் ஒன்றும் எடுக்காதபோது ஆட்டம் நின்றால், பச்சோலியின் விதிப்படி முழுப் பணமும் முதல்வருக்கே போகும். ஆட்டம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. இது எப்படி நியாயம்? இது கணிதத்தைவிட நீதிமன்றத்துக்கு உரிய கேள்வி என்பது தர்த்தாலியாவின் எண்ணம். கார்டானோ அதற்கு முன்பே, 1539-ல், எடுத்த புள்ளியை அல்ல, இன்னும் எடுக்க வேண்டிய புள்ளியைப் பார்க்க வேண்டும் என்று சரியான திசையைக் காட்டியிருந்தார். ஆயினும் அவர் தந்த விடையும் சரியாக அமையவில்லை.

விடை 1654-ல் வந்தது. சூதாட்டத்தில் நாட்டமுள்ள செவாலியே டி மேரே என்ற பிரெஞ்சுக் கனவான் பிளேஸ் பாஸ்கலிடம் இக்கேள்வியை வைத்தார். பாஸ்கலும் பியேர் டி ஃபெர்மாவும் கடிதம் வழியே அதைத் தீர்த்தார்கள். 1654 ஜூலை 29 தேதியிட்ட கடிதத்தில் பாஸ்கல் தரும் எடுத்துக்காட்டு: இருவர் தலைக்கு 32 பிஸ்டோல் நாணயம் வைத்து ஆடுகிறார்கள். முதலில் மூன்று ஆட்டம் வெல்பவருக்கு எல்லாம். ஒருவர் இரண்டு, மற்றவர் ஒன்று வென்ற நிலையில் ஆட்டம் நிற்கிறது. அடுத்த ஆட்டத்தை முன்னணியாளர் வென்றால் அவருக்கு 64. தோற்றாலும் இருவரும் சமநிலைக்கு வந்து அவருக்கு 32. ஆகவே 32 எப்படியும் அவருடையது. மீதி 32-ல் பாதி அவர் பங்கு. மொத்தம் 48. நடந்து முடிந்ததை விட்டுவிட்டு, இனி நடக்கக்கூடியவற்றை எல்லாம் எண்ணி எடைபோடுவதே முறை. இம்முறையில் பச்சோலியின் கணக்கைப் போட்டால் விகிதம் ஐந்துக்கு இரண்டு அல்ல, பதினைந்துக்கு ஒன்று. பின்தங்கியவர் தொடர்ந்து நான்கு முறை வென்றாக வேண்டும்; அதற்கான வாய்ப்பு பதினாறில் ஒன்றே.

நிகழ்தகவுக் கணிதத்தின் தொடக்கமாகப் பாடநூல்கள் சொல்லும் கடிதங்கள் இவை. மூன்றாண்டுகள் கழித்து கிறிஸ்டியான் ஹைகன்ஸ் இந்தச் சிந்தனையை நூலாக்கினார். 'எதிர்பார்ப்பு மதிப்பு' என்ற கருத்து அதில் உருப்பெற்றது. போக்கர் போட்டியின் பபிள் இதே கேள்விதான், இருவருக்குப் பதில் பல பேர், ஒரு பரிசுக்குப் பதில் பல பரிசு.

குதிரைப் பந்தயத்திலிருந்து வந்த சூத்திரம்

பல பேர், பல பரிசு என்ற இடத்துக்கு வழி குதிரைப் பந்தயம் மூலம் திறந்தது. 1973-ல் புள்ளியியலாளர் டேவிட் ஹார்வில் அமெரிக்கப் புள்ளியியல் சங்க இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஒவ்வொரு குதிரையும் முதலில் வரும் வாய்ப்பு தெரிந்தால், இரண்டாவதாக, மூன்றாவதாக வரும் வாய்ப்பை எப்படி மதிப்பிடுவது? அவர் சொன்ன வழி: முதலில் வந்த குதிரையை நீக்கிவிடு; எஞ்சியவற்றின் வாய்ப்புகளை அதே விகிதத்தில் மறுபடியும் பகிர்.

1987-ல் சூதாட்டக் கணக்குகள் பற்றி எழுதிவந்த மேசன் மால்முத் இதே வழியைத் தனியாகக் கண்டடைந்து போக்கர் போட்டிக்குப் பொருத்தினார். குதிரையின் வெற்றி வாய்ப்புக்குப் பதில் சில்லின் பங்கு, அவ்வளவுதான். இண்டிபெண்டன்ட் சிப் மாடல், சுருக்கமாக ஐ.சி.எம். என்று இன்று இதற்குப் பெயர்.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நால்வர் எஞ்சியிருக்கிறார்கள், பரிசு மூவருக்கு, 50, 30, 20 ரூபாய். நால்வரிடமும் சமமான சில்லு. ஆகவே ஒவ்வொருவர் பங்கின் மதிப்பும் 25 ரூபாய். இப்போது இருவர் ஆல்-இன் வைத்து மோத, ஒருவர் வெளியேறுகிறார். வென்றவரிடம் சில்லு இரட்டிப்பு. அவருடைய பணமதிப்பும் 50 ஆகியிருக்கும் என்று தோன்றும். ஆனால் முதலிடம் வர அவருக்குப் பாதி வாய்ப்பு, இரண்டாமிடத்துக்கு மூன்றில் ஒன்று, மூன்றாமிடத்துக்கு ஆறில் ஒன்று. கூட்டினால் 38 ரூபாய் 33 காசு. தோற்றவர் 25 இழந்தார். வென்றவருக்குக் கிடைத்ததோ 13.33 மட்டுமே. மீதி எங்கே போனது? மோதலில் கலந்துகொள்ளாமல் சீட்டைக் கீழே போட்டுவிட்டு வேடிக்கை பார்த்த இருவரிடம், தலைக்கு 5 ரூபாய் 83 காசு வீதம். இருவர் சண்டையில் மூன்றாமவருக்கு லாபம் என்று ஊரில் சொல்வதற்கு இதைவிடத் துல்லியமான கணக்கு கிடைப்பது அரிது.

இதிலிருந்து வருவதுதான் பபிள் உத்தியின் முதல் பாடம். எதிராளி ஆல்-இன் வைத்த பந்தயத்தை இந்த நிலையில் ஏற்க, வெல்லும் வாய்ப்பு 50 விழுக்காடு இருந்தால் போதாது, 25-ஐ 38.33-ஆல் வகுத்தால் வரும் 65 விழுக்காடு வேண்டும். (ஏற்கெனவே நடுவில் போடப்பட்ட பிளைண்டுகளைக் கணக்கில் சேர்த்தால் இது சற்றுக் குறையும்.) இரண்டு ராணி என்பது போக்கரில் மிக உயர்ந்த தொடக்கச் சீட்டுகளில் ஒன்று. எதிராளியிடம் ஏஸும் ராஜாவும் இருப்பது உறுதியாகத் தெரிந்தாலும் இரண்டு ராணியின் வெற்றி வாய்ப்பு சுமார் 55 விழுக்காடுதான். சாதாரண நேரத்தில் அது லாபமான மோதல், இங்கே நஷ்டம். நல்ல சீட்டைப் போட்டுவிட்டு விலகியவரைக் கோழை என்று கேலி செய்த பழைய ஆட்டக்காரர்கள் பலர் கணக்கில் தோற்றவர்கள்.

யாருக்குப் பயம், யாருக்கு லாபம்

பயம் எல்லோருக்கும் சமமாக இல்லை என்பதே பபிளின் சுவையான பகுதி. அதே பரிசுகள், ஆனால் நால்வரிடம் சில்லு 40, 30, 20, 10 என்று இருப்பதாகக் கொள்வோம். 40 உள்ளவரும் 30 உள்ளவரும் மோதுகிறார்கள். ஐ.சி.எம். கணக்குப்படி 40 உள்ளவர் அந்த மோதலுக்கு இறங்க சுமார் 63 விழுக்காடு வாய்ப்பு வேண்டும். 30 உள்ளவருக்கோ சுமார் 73 விழுக்காடு. காரணம் தெளிவு. பெரியவர் தோற்றாலும் 10 சில்லுடன் மேசையில் இருப்பார்; நடுத்தரக்காரர் தோற்றால் எழுந்து போக வேண்டும். அதுவும், 10 சில்லுடன் யாரோ ஒருவர் விளிம்பில் தொங்கிக்கொண்டிருக்கும்போது அவருக்கு முன்பே எழுந்து போக வேண்டும். நடுத்தர வர்க்கத்தின் நிலை இங்கும் அதுதான்.

பெரிய குவியல் வைத்திருப்பவர் இதை அறிவார். அவர் எந்தச் சீட்டு வந்தாலும் பந்தயத்தை உயர்த்திக்கொண்டே இருப்பார். மற்றவர்கள் விலகிக்கொண்டே இருப்பார்கள். பிளைண்டுகள் எல்லாம் அவர் பக்கம் போய்ச் சேரும். டேவிட் ஸ்க்லான்ஸ்கி, போட்டி ஆட்டம் பற்றிய தன் நூலில் விளக்கிய 'இடைவெளி' விதி இதன் மறுபக்கம்: பந்தயத்தை முதலில் உயர்த்தத் தேவைப்படும் சீட்டைவிட, உயர்த்தியவரை எதிர்த்து ஏற்க இன்னும் நல்ல சீட்டு வேண்டும். முதலில் உயர்த்துபவர் எல்லோரும் விலகுவதாலும் வெல்லலாம். ஏற்பவர் சீட்டைக் காட்டித்தான் வெல்ல முடியும். பபிளில் இந்த இடைவெளி மிக அகலமாகிறது. 2007-ல் வந்த 'கில் எவரிஒன்' என்ற நூல் இதற்கு 'பபிள் ஃபேக்டர்' என்ற அளவையே கொடுத்தது: இழந்தால் போகும் பணத்தை வென்றால் வரும் பணத்தால் வகுத்த எண். நம் முதல் எடுத்துக்காட்டில் அது 25 வகுத்தல் 13.33, ஏறக்குறைய 1.9.

மிகச் சிறிய குவியல் வைத்திருப்பவருக்கு ஒரு விசித்திரமான ஆறுதல் உண்டு. அவரிடமுள்ள ஒவ்வொரு சில்லும் பெரியவரின் ஒவ்வொரு சில்லையும்விட மதிப்புக் கூடியது. 1982-ல் ஜாக் ஸ்ட்ராஸ் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் இழந்து, ஒரே ஒரு சில்லுடன் ஆட்டத்தில் நீடித்து, கடைசியில் அந்த ஆண்டின் உலகப் பட்டத்தையே வென்றார். 'ஒரு சில்லும் ஒரு நாற்காலியும் போதும்' என்ற வழக்கு இந்தக் கதையோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. ஆனால் பபிளில் அந்தச் சிறியவர் காத்திருந்தே பிழைத்துவிடுவார் என்று எண்ணக் கூடாது. பிளைண்ட் அவரை நெருங்கிவரும். அது வந்து விழுங்குமுன், இன்னும் மற்றவர்களைப் பயமுறுத்தும் அளவுக்குச் சில்லு இருக்கும்போதே ஆல்-இன் வைப்பது நல்லது. 1995-ன் உலகப் பட்டம் வென்ற டான் ஹாரிங்டனின் நூல்கள் 2004 முதல் வெளிவந்து, கையிலுள்ள சில்லு இன்னும் எத்தனைச் சுற்றுப் பிளைண்டுக்குத் தாங்கும் என்று எண்ணிப்பார்க்கும் பழக்கத்தைப் பரவலாக்கின.

கைக்குக் கை

எல்லோரும் காத்திருக்க விரும்பினால் ஆட்டம் நின்றுவிடும். பெரிய போட்டியில் பல மேசைகள். ஒரு மேசையில் வேண்டுமென்றே நேரம் கடத்தினால், வேகமாக ஆடும் அடுத்த மேசையில் யாராவது முதலில் வெளியேறிவிடுவார்கள். இதைத் தடுக்க வந்த ஏற்பாடு 'கைக்குக் கை' ஆட்டம். சீட்டுப் போட்டதிலிருந்து ஒரு முடிவு வரும் வரையிலான பகுதி ஒரு கை. பபிள் நெருங்கியதும் எல்லா மேசைகளிலும் ஒரு கை மட்டும் ஆடி நிறுத்துவார்கள். கடைசி மேசையும் முடித்த பிறகே அடுத்த கைக்குச் சீட்டு. அதே கையில் இரு வேறு மேசைகளில் இருவர் வெளியேறினால் அவர்கள் ஒரே இடத்தில் வந்தவர்களாகக் கருதப்பட்டு, அந்த இடங்களுக்குரிய பணம் இருவருக்கும் பகிரப்படும். நேரம் கடத்துவதில் லாபம் போயிற்று. பயம் மட்டும் அப்படியே இருக்கிறது.

2003-க்குப் பின் அந்தப் பயத்தின் தன்மையே மாறியது. அந்த ஆண்டு இணையத்தில் குறைந்த கட்டணத்தில் நடந்த தகுதிச் சுற்றின் வழியே வந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர், 839 பேர் கலந்துகொண்ட முதன்மைப் போட்டியை வென்று 25 லட்சம் டாலர் பெற்றார். 2004-ல் 2,576 பேர், 2006-ல் 8,773 பேர் என்று கூட்டம் பெருகியது. வந்தவர்களில் பலருக்குப் பத்தாயிரம் டாலர் என்பது பழைய தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு இருந்ததுபோல ஒரு நாள் பந்தயம் அல்ல. 2024-ல் 10,112 பேர் ஆட, 1,517 பேருக்குப் பரிசு. அதில் மிகச் சிறியது 15,000 டாலர். முதல் பரிசோ ஒரு கோடி டாலர். தொழில்முறை ஆட்டக்காரர் அந்த 15,000-ஐத் தாண்டிப் பார்க்கிறார். விடுமுறை எடுத்து வந்த குமாஸ்தாவுக்கு அதுவே பெரிய தொகை. அதோடு ஊரில் போய்ச் சொல்ல ஒரு செய்தியும் இருக்கிறது.

இந்த வேறுபாட்டையும் கணிதம் முன்பே பார்த்துவிட்டது. 1738-ல் டேனியல் பெர்னூலி ஒரு பரம ஏழையின் கையில் ஒரு லாட்டரிச் சீட்டைக் கொடுத்துப் பார்த்தார். அதில் சரிபாதி வாய்ப்பில் 20,000 டூகட், இல்லையேல் ஒன்றுமில்லை. அவன் அதை 9,000-க்கு விற்றால் முட்டாளா? இல்லை என்றார் பெர்னூலி. அதே சீட்டை 9,000-க்கு வாங்க மறுக்கும் பணக்காரன்தான் தவறு செய்கிறான். பணத்தின் பயன், இருப்பவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒன்றல்ல. ஆகவே புதிதாக வந்தவர் பபிளில் ஐ.சி.எம். சொல்வதைவிடக் கூடுதலாக ஒதுங்கி ஆடுவதைப் பிழை என்று சொல்லிவிட முடியாது. அதைப் பயன்படுத்திக்கொள்ளும் பணக்காரக் குவியலும் பிழை செய்யவில்லை.

பபிளின் உச்சம் தகுதிச் சுற்றுகளில்தான். 'சாட்டிலைட்' எனப்படும் இவற்றின் பரிசு பணமல்ல, பெரிய போட்டிக்கான இடம். 1970-களின் பிற்பகுதியில் ஹார்ஸ்ஷூவில் போட்டி இயக்குநராக இருந்த எரிக் டிராக் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவராகக் கூறப்படுகிறார். 1983-ல் டாம் மெக்எவாய் இவ்வழியே வந்து பட்டம் வென்ற முதல்வரானார். பத்து இடங்கள், பதினொரு பேர் எஞ்சியிருக்கிறார்கள் என்றால், முதலில் வருபவருக்கும் பத்தாவது வருபவருக்கும் பரிசு ஒன்றே. நிறையச் சில்லு வைத்திருப்பவருக்கு இன்னும் சேர்ப்பதில் எந்தப் பயனும் இல்லை. அவரை வெளியேற்றக்கூடிய இன்னொரு பெரிய குவியல் ஆல்-இன் வைத்தால், போக்கரின் ஆகச் சிறந்த சீட்டான இரண்டு ஏஸையும் பார்க்காமலே கீழே போடுவதுதான் சரியான ஆட்டம். புதிதாகக் கற்பவர்கள் இதை நம்ப மறுப்பார்கள்.

ஐ.சி.எம். குறையற்றது அல்ல. அடுத்த கையில் யார் பிளைண்ட் போட வேண்டும், யார் திறமைசாலி, பெரிய குவியல் இனி எவ்வளவு மிரட்டிச் சம்பாதிக்கும் என்பவை அதில் இல்லை. அவற்றையும் சேர்க்க முயலும் கணினி மென்பொருள்கள் இப்போது ஏராளம். ஆனாலும் இறுதி மேசையில் எஞ்சியவர்கள் ஆட்டத்தை நிறுத்திப் பணத்தைப் பிரித்துக்கொள்ளப் பேசும்போது அடிப்படையாக வைப்பது பெரும்பாலும் இந்தச் சூத்திரம்தான்.

பழைய வழி ஒன்றும் அதனருகில் இன்னும் புழக்கத்தில் உள்ளது: கடைசிப் பரிசை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு மீதியைச் சில்லின் விகிதத்தில் பிரிப்பது. மூவர் எஞ்சி, பரிசு 50, 30, 20 என்றும், சில்லு 80, 10, 10 என்றும் வைத்துக்கொண்டால், இந்த வழியில் முன்னணியாளருக்கு 52 கிடைக்கும். ஆட்டத்தை ஆடி முழுதாக வென்றிருந்தாலே அவருக்கு 50-க்கு மேல் கிடைத்திருக்காது. ஐ.சி.எம். அவருக்குத் தருவது 45 ரூபாய் 78 காசு. மற்ற இருவருக்கும் தலைக்கு 27.11. பச்சோலியின் விகிதக் கணக்கில் தர்த்தாலியா கண்ட அதே ஓட்டை இது.